படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது. விழா மலருக்காக எழுதித் தந்தது.)



என்னைப் பேசச் சொன்ன தலைப்பு, "அலுவலக ஆங்கிலமும் நம் குழுப் பெண்களும்". நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டைப் பார்த்துக்கிறவ. அதனால இங்கிலீஷ்ல பேசப் போறேன்னு யாரும் பயப்பட வேண்டாம். ரெண்டு வருஷமா எங்க குழுவுல வாராவாரம் அரை மணி நேரம் நாங்க செஞ்சுட்டு வர்ற ஒரு வேலையைப் பத்தித்தான் சொல்லப் போறேன். அதை மத்த குழுக்களும் செய்யணும்னு கேட்டுக்கத்தான் வந்தேன்.

சுய உதவிக் குழு நம்ம தமிழ்நாட்டுல முதல்ல தருமபுரி மாவட்டத்துல 1989-ல தொடங்கினாங்க. வங்கியோட குழுக்களை இணைக்கிற வேலையை நபார்டு வங்கி 1992-ல ஆரம்பிச்சுது. அந்தக் காலத்துல குழுவுல சேர்ந்தவங்க முதல்ல கத்துக்கிட்டது கையெழுத்துப் போடத்தான். அதுவரைக்கும் மைப்பெட்டியில கட்டை விரலை வெச்சவங்க, தன் பேரைத் தானே எழுதினாங்க. எங்க மாமியாரும் அப்படிக் கத்துக்கிட்டவங்கதான். தீர்மானப் புத்தகத்துல முதல் தடவை தன் பேரை எழுதினப்போ கை நடுங்கிச்சுன்னு இன்னிக்கும் சொல்லுவாங்க.

கைநாட்டுல இருந்து கையெழுத்துக்கு வந்தது முதல் படி. எதுக்குக் கையெழுத்துப் போடறோம்னு படிச்சுத் தெரிஞ்சுக்கறது ரெண்டாம் படி. முதல் படியை நம்ம அம்மாக்களும் மாமியார்களும் ஏறிட்டாங்க. ரெண்டாம் படி நம்ம பங்கு.

நம்ம நாவலூர்ல இது ஏன் அவசரம்னா, நம்ம ஊர் மாறின வேகம் அப்படி. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வயலைப் பார்த்தவங்க இந்தக் கூட்டத்துலயே இருக்கீங்க. இப்போ அடுக்குமாடி, ஐ.டி. கம்பெனி, பக்கத்துலயே சிறுசேரி சிப்காட். பழைய மகாபலிபுரம் ரோடு ஓ.எம்.ஆர். ஆச்சு, ராஜீவ் காந்தி சாலை ஆச்சு. நம்ம பெண்கள் அங்கே ஹவுஸ் கீப்பிங் வேலைக்குப் போறாங்க, கேன்டீனுக்குப் போறாங்க, அடுக்குமாடி வீடுகள்ல சமையலுக்கும் குழந்தை பார்த்துக்கவும் போறாங்க. குழுவா சேர்ந்து முறுக்கு, அதிரசம், மாவு, மசாலாப்பொடி விக்கிறாங்க. வேலை தமிழ்ல நடக்குது, காகிதம் இங்கிலீஷ்ல வருது. நாவலூர் டோல்கேட்டுல 2023 அக்டோபர்ல வசூலை நிறுத்திட்டாங்க. ஆனா கம்பெனி வாசல்லயும் வங்கி கவுன்ட்டர்லயும் நமக்கு மட்டும் இன்னொரு டோல்கேட் இருக்கு. அது இந்தக் காகிதம். படிக்கத் தெரியலேன்னா அங்கே நாமதான் காசு கட்டறோம்.

காசு கட்டறோம்னு சும்மா பேச்சுக்குச் சொல்லலை. நம்ம ஊராட்சியில ஒரு குழு, பேர் வேண்டாம், ஒரு ஆபீஸ் கேன்டீனுக்குத் தீபாவளிக்கு முறுக்கு போட்டாங்க. 80 கிலோ, கிலோ 230 ரூபாய், ஆக மொத்தம் 18,400 ரூபாய். ஆறு பேர் மூணு நாள் தூக்கமில்லாம சுட்டாங்க. எண்ணெயும் மாவும் கடன் வாங்கிப் போட்டது. சரக்கு போயிடுச்சு, காசு வரலை. நாலு மாசம் நடந்தாங்க. ஆர்டர் குடுத்த சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போயிட்டார். புதுசா வந்தவர், "பி.ஓ. இருக்கா? இன்வாய்ஸ் ரைஸ் பண்ணீங்களா? டெலிவரி அக்னாலெட்ஜ்மென்ட் எங்கே?"ன்னு கேட்டார். அவர் கேட்ட மூணுல ஒண்ணுகூட அதுக்கு முன்னாடி யாரும் அவங்ககிட்ட சொன்னது கிடையாது. 18,400 ரூபாய் மூணு வார்த்தைக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு நின்னுச்சு.

அப்போதான் எங்க குழுவும் அந்தக் குழுவும் சேர்ந்து உட்கார்ந்தோம். கையில என்ன இருக்குன்னு தேடினோம். போன்ல ஒரு வாட்ஸ்ஆப் மெசேஜ் இருந்துச்சு, "80 கிலோ, நாளைக்குக் காலையில, ரெண்டாம் கேட்"னு. செக்யூரிட்டி நோட்டுல ஆட்டோ நம்பரோட என்ட்ரி இருந்துச்சு. அந்த செக்யூரிட்டி அண்ணன் நல்லவர், பக்கத்தைப் போட்டோ எடுத்துக்க விட்டார். ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணு ஒருத்தியை வெச்சுக்கிட்டு ஒரு கடுதாசி எழுதினோம். அதை அப்படியே சொல்றேன், நம்ம எழுத்துல எழுதி வெச்சுத்தான் நாங்களும் படிச்சோம்.

"சப்ஜெக்ட்: பேமென்ட் பெண்டிங் ஃபார் 80 கிலோ முறுக்கு. டியர் சார், வீ சப்ளைடு 80 கிலோ முறுக்கு டு யுவர் கேன்டீன்." அதுக்கப்புறம் தேதி. "தி ரேட் ஈஸ் 230 ருபீஸ் பெர் கிலோ. தி டோட்டல் ஈஸ் 18,400 ருபீஸ். வீ ஹேவ் நாட் ரிசீவ்டு தி பேமென்ட். காப்பீஸ் ஆஃப் தி ஆர்டர் மெசேஜ் அண்ட் கேட் என்ட்ரி ஆர் அட்டாச்டு. ப்ளீஸ் பே வித்தின் 15 டேஸ்." கீழே குழுவோட பேர், வங்கிக் கணக்கு எண், ஊக்குநர் கையெழுத்து, சீல்.

அவ்வளவுதான். ஏழெட்டு வரி. கூடவே ஒரு இன்வாய்ஸ். ரெண்டு நகல் எடுத்து, ஒண்ணைக் குடுத்து இன்னொண்ணுல "ரிசீவ்டு"னு கையெழுத்து, தேதி வாங்கினோம். மூணு வாரத்துல பணம் முழுசா கணக்குல ஏறிச்சு. யாரையும் திட்டலை, யார் கால்லயும் விழலை. அன்னிக்குத்தான் எங்களுக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது. நாலு மாசம் நடந்த நடை சாதிக்காததை ஏழு வரி சாதிக்கும்.

அந்த வாரத்துல இருந்து குழுக் கூட்டம் முடிஞ்சதும் அரை மணி நேரம் வார்த்தை வகுப்பு. வாரத்துக்கு அஞ்சே அஞ்சு வார்த்தை. பாடப் புத்தகம் கிடையாது. வங்கி பாஸ்புக், கேஸ் ரசீது, சம்பளச் சீட்டு, அடுக்குமாடி நோட்டீஸ் போர்டுல இருந்து எடுத்த போட்டோ, மசாலா பாக்கெட் அட்டை, இதுதான் பாடம். ஒவ்வொருத்தரும் ஒரு நோட்டு வெச்சிருக்கோம். மூணு கட்டம் போட்டிருக்கோம். முதல் கட்டத்துல வார்த்தை, ரெண்டாவதுல தமிழ் அர்த்தம், மூணாவதுல அந்த வார்த்தையை வெச்சு நம்ம வாழ்க்கையில இருந்து ஒரு வாக்கியம். சொல்லிக் குடுக்கிறது எங்க பொண்ணுங்கதான். ஒரே ஒரு சட்டம்: தப்பாச் சொன்னா யாரும் சிரிக்கக் கூடாது. சிரிச்சா அடுத்த வாரம் டீ செலவு அவங்களோடது.

கத்துக்கிட்டதை மூணு மூட்டையாக் கட்டிச் சொல்றேன். முதல் மூட்டை, கடன் வார்த்தைகள்.

பிரின்சிபல்னா அசல். பள்ளிக்கூட முதல்வருக்கும் அதே உச்சரிப்புதான், ஆனா வங்கியில அசல். இன்ட்ரஸ்ட்னா ஆர்வம்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம், வங்கியில அது வட்டி. அவுட்ஸ்டாண்டிங்னு பிள்ளைங்க ரேங்க் கார்டுல எழுதினா நம்ம சந்தோஷப்படுவோம். வங்கித் தாள்ல அவுட்ஸ்டாண்டிங்னு இருந்தா இன்னும் கட்ட வேண்டிய பாக்கின்னு அர்த்தம். மினிட்ஸ்னா நிமிஷம்தானேன்னு எங்க குழுவுல ஒரு அக்கா கேட்டாங்க. நாம வாராவாரம் எழுதற தீர்மானப் புத்தகம் இருக்கே, அதுக்குப் பேருதான் மினிட்ஸ். டியூ டேட்னா கட்ட வேண்டிய நாள், ஓவர்டியூன்னா அந்த நாள் தாண்டிப் போச்சு. போன்ல வர்ற எஸ்.எம்.எஸ்.ல கிரெடிட்டட்னா நம்ம கணக்குக்கு வந்தது, டெபிட்டட்னா போனது.

இதுல ரொம்ப முக்கியமானது ரெண்டு சொல்: ஃபிளாட் ரேட், ரெடியூசிங் பேலன்ஸ். ஒரு கணக்குப் போட்டுக் காட்டறேன். 10,000 ரூபாய் கடன், வருஷத்துக்கு 12 சதவீதம், 12 மாசத் தவணைன்னு வெச்சுக்கோங்க. ஃபிளாட்னா முதல் நாள் வாங்கின 10,000-க்கே வருஷம் முழுக்க வட்டி. ஆக 1,200 ரூபாய். ரெடியூசிங்னா மாசாமாசம் அசல் குறையக் குறைய மிச்சத்துக்கு மட்டும் வட்டி. அசலைப் பன்னிரண்டு சம பங்காக் கட்டினா மொத்த வட்டி 650 ரூபாய்தான். ரெண்டு தாள்லயும் 12 பர்சென்ட்னுதான் எழுதியிருக்கும். பக்கத்துல இருக்கிற ஒரு சொல்லுல 550 ரூபாய் வித்தியாசம். நம்ம குழு உள்கடன்ல இந்தக் கணக்கை நாமே போடறோம். வெளியில கடன் வாங்கும்போது மட்டும் ஏன் அந்தச் சொல்லைத் தேடக் கூடாது?

இதுக்கு நமக்கு உரிமையும் இருக்கு. 2024 அக்டோபர் 1-ல இருந்து புதுசாக் குடுக்கிற தனிநபர் கடனுக்கும் சிறு தொழில் கடனுக்கும் கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்னு ஒரு தாள் தரணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு சதவீதம் ஆகுதுன்னு அதுல ஒரே எண்ணாக் காட்டணும். அதுக்கு ஏ.பி.ஆர்.னு பேர். கடன் வாங்கறவங்களுக்குப் புரியற மொழியில அந்தத் தாள் இருக்கணும்னும் விதி. மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் அட்டைக்கும் 2022-ல இருந்து அதே மாதிரி, புரியற மொழியில தரணும். அந்தக் கடனை முன்னாடியே கட்டி முடிச்சா அபராதம் போடக் கூடாது. நம்ம குழுக்களுக்கு வங்கி குடுக்கிற கடன் 10 லட்சம் வரைக்கும் சொத்து ஈடு கேட்கக் கூடாது. அதனால "சார், கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் தமிழ்ல குடுங்க"ன்னு கேட்கத் தெரிஞ்சாப் போதும். அந்த மூணு இங்கிலீஷ் வார்த்தை, முழுத் தாளையும் தமிழ்ல நம்ம கைக்குக் கொண்டு வந்துடும்.

ரெண்டாவது மூட்டை, வியாபார வார்த்தைகள். இதை வரிசையா ஞாபகம் வெச்சுக்கணும். சமையல் மாதிரி, எது முன்னாடி எது பின்னாடின்னு இருக்கு.

முதல்ல கொட்டேஷன். இந்தச் சரக்கு, இந்த விலைன்னு நாம எழுதிக் குடுக்கிற தாள். அடுத்தது பி.ஓ., அதாவது பர்ச்சேஸ் ஆர்டர். எங்களுக்கு இவ்வளவு வேணும்னு அவங்க எழுதிக் குடுக்கிறது. மூணாவது டெலிவரி சலான். சரக்கு போய்ச் சேர்ந்துச்சுன்னு அவங்க கையெழுத்துப் போடறது. நாலாவது இன்வாய்ஸ். இவ்வளவு பணம் தரணும்னு நாம கேட்கிறது. கடைசியா ரிசீட். பணம் வந்துச்சுன்னு நாம குடுக்கிறது. இந்த அஞ்சும் ஒரு ஃபைல்ல வரிசையா இருந்தா, எந்த சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனாலும் நமக்குக் கவலை இல்லை.

சட்டமும் நம்ம பக்கம் இருக்கு. 2006-ல வந்த சிறு தொழில் சட்டத்துல, சின்னத் தொழில் செய்யறவங்ககிட்ட சரக்கு வாங்கினா, எழுத்துல ஒப்பந்தம் இல்லாட்டி 15 நாளுக்குள்ள பணம் தரணும்னு இருக்கு. ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினா வட்டியோட தரணும். அந்தப் பாதுகாப்புக்கு முதல்ல உத்யம் பதிவு செஞ்சுக்கணும். அது 2020 ஜூலையில வந்த பதிவு, ஆதார் வெச்சு இலவசமாச் செய்யலாம். பதிவு பண்ணித் தர்றேன்னு யாராவது ஆயிரம் ரெண்டாயிரம் கேட்டா, காசு தராதீங்க.

பாக்கெட் போட்டு விக்கிற குழுக்களுக்கு இன்னும் சில சொல். நெட் குவான்டிட்டின்னா பாக்கெட் எடை கழிச்சு உள்ளே இருக்கிற சரக்கோட எடை. எம்.ஆர்.பி.ன்னா எல்லா வரியும் சேர்த்து அதிகபட்ச விலை. பேட்ச் நம்பர்னா எந்த நாள் எந்தத் தடவை போட்டதுன்னு கண்டுபிடிக்கிற எண். பெஸ்ட் பிஃபோர்னா இந்த நாளுக்குள்ள சாப்பிட்டா நல்லா இருக்கும்னு அர்த்தம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் 14 இலக்கம், அதுவும் பாக்கெட் மேல வரணும். நம்ம மசாலாப்பொடி ருசியில எந்தப் பெரிய கம்பெனிக்கும் குறைஞ்சதில்லை. அட்டையில எழுத்து சரியா இல்லாததாலதான் கடைக்காரர் பின் வரிசையில வெக்கிறார்.

மூணாவது மூட்டை, வேலைக்குப் போற பெண்களுக்கான வார்த்தைகள். இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன். ஏன்னா நம்ம உறுப்பினர்கள்ல நிறைய பேர் கான்ட்ராக்ட்ல வேலை செய்யறீங்க.

சம்பளச் சீட்டுல கிராஸ்னா பிடித்தத்துக்கு முன்னாடி இருக்கிற மொத்தச் சம்பளம். டிடக்ஷன்னா பிடிச்சது. நெட்னா கைக்கு வர்றது. பி.எஃப்.ல நம்ம பங்கு 12 சதவீதம் பிடிப்பாங்க. முதலாளியும் தன் பங்கு 12 சதவீதம் போடணும். இ.எஸ்.ஐ.யில நம்ம பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளம்னா நம்மகிட்ட பிடிக்கிற இ.எஸ்.ஐ. 90 ரூபாய், முதலாளி கட்டணும் 390 ரூபாய். முதலாளி பங்கையும் சேர்த்து நம்ம சம்பளத்துலயே கழிக்கக் கூடாது. யு.ஏ.என்.ன்னு 12 இலக்க எண் ஒண்ணு இருக்கு. அது நம்ம பி.எஃப். கணக்கோட பட்டா மாதிரி. கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது. அதை நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க. பிடிச்ச பணம் கட்டியிருக்காங்களான்னு அதை வெச்சுத்தான் பார்க்க முடியும்.

எங்க குழுவுல ஒரு தங்கச்சி இருக்கா. வகுப்புக்குத் தன் சம்பளச் சீட்டைக் கொண்டு வந்தா. மாசாமாசம் பி.எஃப்.னு பிடிச்சிருந்தாங்க, ஆனா யு.ஏ.என். இடம் காலியா இருந்துச்சு. மூணு வரி எழுதினோம். "என் சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கப்படுகிறது. என் யு.ஏ.என். எண் சீட்டில் இல்லை. தயவுசெய்து எண்ணைத் தெரிவிக்கவும்." இதை இங்கிலீஷ்ல மாத்தி, தேதி போட்டு, நகல்ல கையெழுத்து வாங்கினா. அடுத்த மாசச் சீட்டுல எண் வந்துடுச்சு. அவளோட சேர்ந்து வேலை செய்யற இன்னும் ஒன்பது பேருக்கும் வந்துச்சு. அவ ஒருத்தி எழுதினது பத்து பேருக்குப் போய்ச் சேர்ந்துச்சு.

இன்னொரு விஷயம், சொல்லக் கூச்சமா இருந்தாலும் சொல்லியாகணும். வேலை செய்யற இடத்துல பெண்கள்கிட்ட தப்பா நடந்துக்கிட்டா, அதுக்குன்னு 2013-ல ஒரு சட்டம் வந்திருக்கு. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல இன்டர்னல் கமிட்டின்னு ஒண்ணு இருக்கணும். வீட்டு வேலைக்குப் போறவங்களுக்கும் சின்ன இடத்துல வேலை செய்யறவங்களுக்கும் மாவட்டத்துல லோக்கல் கமிட்டி. புகாரை எழுத்துல, மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும். எழுத முடியாதவங்களுக்கு எழுதறதுக்கு அந்தக் கமிட்டியே உதவி செய்யணும்னும் அதே சட்டத்துல இருக்கு. "எனக்கு எழுதத் தெரியாதே"ன்னு எந்தப் பெண்ணும் வாயை மூடிக்கிட்டு இருக்க வேண்டியதில்லை. கம்ப்ளெயின்ட், கமிட்டி, இந்த ரெண்டு சொல்லை நம்ம பொண்ணுங்களுக்கும் சொல்லிக் குடுங்க.

வார்த்தை சேர்ந்தாப் போதாது, அதைக் கோத்து எழுதத் தெரியணும். எங்க வகுப்புல எந்தக் கடிதத்துக்கும் அஞ்சு கேள்வி வெச்சிருக்கோம். யாருக்கு எழுதறோம்? என்ன நடந்துச்சு? எந்தத் தேதியில? எவ்வளவு? இப்போ என்ன செய்யணும்னு கேட்கிறோம்? இந்த அஞ்சுக்கும் ஒவ்வொரு வரி எழுதினாக் கடிதம் முடிஞ்சுது. "தங்கள் பொற்பாதங்களைப் பணிந்து"ன்னு பழைய மனு மாதிரி ஆரம்பிக்க வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்து இங்கிலீஷ் மனுவுலயும் "ஐ பெக்", அதாவது கெஞ்சிக் கேட்கிறேன்னு எழுதுவாங்க. இப்போ "ஐ ரிக்வெஸ்ட்" போதும். கோபத்தையும் எழுத வேண்டாம், அழுகையையும் எழுத வேண்டாம். எண்ணும் தேதியும் இருந்தா அதுவே பேசும். தொகையை எண்ணாலயும் எழுத்தாலயும் எழுதுங்க, வவுச்சர்ல எழுதற மாதிரி. போன்ல பேசி முடிவு பண்ணினா, போனை வெச்சதும் "நாம பேசினபடி 40 கிலோ, வெள்ளிக்கிழமை, கிலோ 230"ன்னு ஒரு மெசேஜ் போட்டுடுங்க. அவங்க "ஓகே"ன்னு போட்டா, அதுதான் உங்க ஆர்டர்.

சில பேர் கேட்பாங்க, "தமிழ்நாட்டுல இருந்துக்கிட்டு இங்கிலீஷ் எதுக்கு?"ன்னு. நியாயமான கேள்வி. எனக்கும் தமிழ்தான் முதல். 1956-லயே தமிழை ஆட்சி மொழியாக்கச் சட்டம் வந்திருக்கு. ஊராட்சி அலுவலகத்துக்கோ தாலுகா ஆபீஸுக்கோ கலெக்டர் ஆபீஸுக்கோ எழுதினா தமிழ்லயே எழுதுங்க, நல்ல தமிழ்ல எழுதுங்க. மேலே சொன்ன அஞ்சு கேள்வி அதுக்கும் பொருந்தும். ஆனா கம்பெனி கேட்டுக்குள்ளேயும் வங்கித் தாள்லயும் இங்கிலீஷ் இருக்கிற வரைக்கும் அதை நாம படிக்கணும். நமக்காக வேற யாராவது படிச்சா, அவங்களுக்கு வேண்டியதைத்தான் படிச்சுச் சொல்லுவாங்க.

வெளி ஊர் வார்த்தைகளைக் கத்துக்கறது நமக்குப் புதுசும் இல்லை. ரசீது, வசூல், பாக்கி, தாசில்தார், ஜில்லா, இதெல்லாம் அரபு, பாரசீகத்துல இருந்து வந்த கச்சேரி வார்த்தைகள். சாவியும் மேசையும் அலமாரியும் போர்ச்சுக்கீசியர்கிட்ட இருந்து வந்தது. நம்ம பாட்டிங்க எந்தப் பரீட்சையும் எழுதாம, வாழ்க்கைக்கு வேணும்னு அதையெல்லாம் எடுத்துக்கிட்டாங்க. இன்வாய்ஸும் அப்படித்தான். இன்னிக்கு வாய்க்குள்ள நுழையாத மாதிரி இருக்கும், பத்து தடவை எழுதினா நம்ம வீட்டுச் சொல் ஆயிடும்.

புதுக்கோட்டையில 1991-ல அறிவொளி இயக்கம் நடந்தப்போ, எழுத்துப் படிச்ச பெண்கள் அதோடயே சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் மிதிச்சாங்க. அப்போ கலெக்டரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத் அம்மா. சைக்கிள் வந்ததும் சந்தைக்கும் வேலைக்கும் தண்ணிக்கும் யாரையும் எதிர்பார்க்காம அவங்களே போனாங்க. நமக்கு இந்த ஆபீஸ் எழுத்தும் ஒரு சைக்கிள்தான். போக வேண்டிய இடத்துக்கு நாமே போகலாம்.

எங்க குழுவுல எல்லாரும் இங்கிலீஷ்ல புலி ஆயிட்டோம்னு சொல்ல மாட்டேன். இன்னும் "ரிசீட்"டுல நடுவுல "பி" எழுத்து எதுக்குன்னு எங்களுக்குப் புரியலை. அம்பத்தஞ்சு வயசு அக்கா ஒருத்தங்க வாரத்துக்கு ரெண்டு வார்த்தைதான் எழுதுவாங்க. ஆனா போன மாசம் வங்கியில ஒரு தாளை நீட்டினப்போ அவங்க பேனாவை எடுக்கலை. கண்ணாடியை எடுத்தாங்க. "கொஞ்சம் இருங்க சார், படிச்சுட்டுப் போடறேன்"னு சொன்னாங்க. கவுன்ட்டர்ல இருந்தவர் நாற்காலி போட்டு உட்கார வெச்சார்.

கூட்டமைப்புகிட்ட மூணு வேண்டுகோள் வெச்சு முடிச்சுக்கறேன். இதைத் தீர்மானமாவே எடுத்துக்கணும்னு கேட்டுக்கறேன்.

ஒண்ணு. மாசத்துல ஒரு நாள் கூட்டமைப்புக் கட்டடத்துல எழுத்து மேசை ஒண்ணு போடணும். படிச்ச பொண்ணுங்க ரெண்டு பேர் உட்காரட்டும். எந்தக் குழு உறுப்பினரும் தன் காகிதத்தைக் கொண்டு வந்து படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும், பதில் எழுதிக்கட்டும். எழுதற பொண்ணுங்களுக்கு ஒரு சின்னத் தொகை குடுக்கணும், இலவசமா வேலை வாங்க வேண்டாம்.

ரெண்டு. தொழில் செய்யற ஒவ்வொரு குழுவும் கொட்டேஷன், பி.ஓ., சலான், இன்வாய்ஸ், ரிசீட், இந்த அஞ்சுக்கும் ஒரு ஃபைல் வெக்கணும். பஞ்ச சூத்திரத்துல அஞ்சாவது சூத்திரம் பதிவேடு சரியா வெக்கறதுதானே. நம்ம பணத்துக்கு ரொக்க ஏடு எழுதறோம், வெளியில இருந்து வர வேண்டிய பணத்துக்கும் ஏடு வேணும்.

மூணு. படிக்காத தாள்ல, வெத்துத் தாள்ல எந்த உறுப்பினரும் கையெழுத்துப் போடறதில்லைன்னு எல்லாக் குழுவுலயும் தீர்மானம் எழுதணும். "அவசரம், சீக்கிரம் போடுங்க"ன்னு யார் சொன்னாலும், நகல் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்து, எழுத்து மேசையில படிச்சுட்டுப் போடலாம். நம்மளை அவசரப்படுத்தற தாளைத்தான் நாம நிதானமாப் படிக்கணும்.

நம்ம அம்மாக்கள் மைப்பெட்டியை மூடி வெச்சுட்டுப் பேனாவை நம்ம கையில குடுத்தாங்க. நாம கண்ணையும் சேர்த்து நம்ம பொண்ணுங்களுக்குக் குடுப்போம்.